சேர்ந்து பாடச் சொன்ன எம்.பி.எஸ்.

முகப்பேரில் ஞாயிற்றுக்கிழமை காலை நடந்துபோனால், இரண்டு தெருவுக்கு ஒரு கீபோர்டு வகுப்பு காதில் விழும். கிழக்கு முகப்பேரோ மேற்கு முகப்பேரோ, கதை ஒன்றுதான். மாடி வீட்டு ஹாலில் நான்கைந்து பிள்ளைகள், ஆளுக்கொரு ஹெட்போன், ஆளுக்கொரு பாடம். ஒருவர் முதல் கிரேடு, இன்னொருவர் மூன்றாம் கிரேடு. லண்டன் டிரினிட்டி கல்லூரித் தேர்வு எழுதிச் சான்றிதழ் வாங்கி, சட்டம் போட்டு மாட்டிய வீடுகள் இந்தப் பக்கம் நிறைய.

அந்த வகுப்புப் பிள்ளைகளிடம், "எல்லோரும் சேர்ந்து ஒரு பாட்டு பாடுங்களேன்" என்று கேட்டுப் பாருங்கள். ஒருவர் முகத்தை ஒருவர் பார்ப்பார்கள். தேசிய கீதம் வரும், தமிழ்த்தாய் வாழ்த்து வரும். அதற்குப் பிறகு மௌனம்தான். தனியாக வாசிக்கத் தெரிந்த பிள்ளைக்குச் சேர்ந்து பாடத் தெரியவில்லை. அதில் பிள்ளையின் குறை ஒன்றுமில்லை, யாரும் சொல்லித்தரவில்லை.

இதைச் சொல்லித்தருவதையே வாழ்நாள் வேலையாக எடுத்துக்கொண்ட ஒருவர் இதே சென்னையில் இருந்தார். இசையமைப்பாளர், ஆசிரியர், தொழிற்சங்கக்காரர். பெயர் எம்.பி. சீனிவாசன். நண்பர்களுக்கு எம்.பி.எஸ். கேரளத்தில் டீக்கடையில்கூட இந்தப் பெயரைச் சொன்னால் அடையாளம் கண்டுகொள்வார்கள். தமிழ்நாட்டில், "யார், பாடகர் பி.பி. ஸ்ரீனிவாஸா?" என்று திருப்பிக் கேட்பார்கள். 2025 செப்டம்பர் 19 அன்று அவர் பிறந்து நூறு ஆண்டுகள் நிறைந்தன.

மானாமதுரை பெயரில், சித்தூர் பிறப்பில்

மானாமதுரை பாலகிருஷ்ணன் சீனிவாசன் என்பது முழுப்பெயர். ஊர்ப்பெயர் மானாமதுரை என்றாலும் பிறந்தது ஆந்திரத்தின் சித்தூரில், 1925இல். படிப்பு சென்னையில். மாணவப் பருவத்திலேயே அரசியல் பிடித்துக்கொண்டது. விடுதலைப் போராட்டக் காலம் அது. கம்யூனிஸ்ட் இயக்கத்தில் சேர்ந்தார். டெல்லியில், கேரளத் தலைவர் ஏ.கே. கோபாலனுக்குச் செயலாளராகவும் இருந்தார்.

கர்நாடக சங்கீதம் வீட்டிலும் ஊரிலும் கேட்டு வளர்ந்தது. சேர்ந்து பாடுவது இயக்கத்தில் கிடைத்தது. 1943இல் தொடங்கிய இந்திய மக்கள் நாடக மன்றம், சுருக்கமாக இப்டா, நாடகத்தையும் பாட்டையும் மைதானத்துக்குக் கொண்டுவந்தது. வங்காளத்தில் சலில் சௌத்ரி போன்றவர்கள் நாட்டுப்புற மெட்டை எடுத்து, அதற்கு மேற்கத்திய முறையில் பல குரல்களைச் சேர்த்துக் கூட்டமாகப் பாடவைத்தார்கள். ஒரு பாடகர் பாட ஆயிரம் பேர் கேட்பது கச்சேரி. ஆயிரம் பேரும் பாடுவது வேறு அனுபவம். அந்த ருசி எம்.பி.எஸ்.ஸைக் கடைசிவரை விடவில்லை.

டெல்லியில்தான் அவர் ஜாஹிதா கிச்லூவைச் சந்தித்தார். ஜாஹிதாவின் தந்தை சைபுதீன் கிச்லூ. பள்ளி வரலாற்றுப் பாடத்தில் வரும் பெயர் அது. 1919 ஏப்ரலில் அமிர்தசரஸில் கிச்லூவையும் சத்யபாலையும் ஆங்கில அரசு கைது செய்ததால்தான் நகரம் கொந்தளித்தது. அடுத்த சில நாள்களில் ஜாலியன்வாலா பாக் படுகொலை நடந்தது. அந்தக் குடும்பத்துப் பெண்ணும் தமிழ்நாட்டுப் பிராமணக் குடும்பத்து இளைஞரும் திருமணம் செய்துகொண்டார்கள். மதம், மொழி, ஊர் மூன்றையும் தாண்டிய திருமணம். அன்றைக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்பதை இன்றைய வீடுகளிலும் புரிந்துகொள்ளலாம்.

பாதை தெரிந்தது, படம் ஓடவில்லை

சென்னை திரும்பியவர் சினிமாவுக்கு வந்தார். 1960இல் வெளிவந்த 'பாதை தெரியுது பார்' படத்துக்கு இசை அவர்தான். இயக்குநர் நிமாய் கோஷ், வங்காளி. பிரிவினை அகதிகளைப் பற்றி 1950இல் 'சின்னமூல்' என்ற படத்தை எடுத்தவர். பிறகு சென்னைக்கே வந்து தங்கிவிட்டார். தொழிலாளர் வாழ்க்கையைச் சொன்ன இந்தத் தமிழ்ப் படத்தில் ஜெயகாந்தன் ஒரு பாட்டு எழுதினார். பி.பி. ஸ்ரீனிவாஸும் எஸ். ஜானகியும் பாடிய அந்தத் தென்னந்தோப்புப் பாட்டு இன்றும் பழைய பாடல் ரசிகர்களின் பட்டியலில் இருக்கிறது. எழுதியது ஜெயகாந்தன் என்று தெரியாமலேயே பலர் முணுமுணுக்கிறார்கள். இசை எம்.பி.எஸ். என்று தெரிந்தவர்கள் அதைவிடக் குறைவு.

படத்துக்கு மத்திய அரசின் தகுதிச் சான்றிதழ் கிடைத்தது. தியேட்டரில் கூட்டம் கிடைக்கவில்லை. தமிழ்த் திரையுலகம் அவரைப் பெரிதாகக் கூப்பிடவும் இல்லை. 'மதன மாளிகை', 'எடுப்பார் கைப்பிள்ளை' என்று விரல் விட்டு எண்ணக்கூடிய தமிழ்ப் படங்கள்தான் பிறகு வந்தன. கூப்பிட்டது மலையாளம்.

21 வயது இளைஞரின் முதல் மைக்

1961 நவம்பர் 14. சென்னை பரணி ஸ்டுடியோ. 'கால்பாடுகள்' என்ற மலையாளப் படத்துக்குப் பாடல் பதிவு. ஸ்ரீ நாராயண குரு எழுதிய நான்கு வரிகள். சாதியும் மதப்பகையும் இல்லாமல் மனிதர்கள் உடன்பிறப்புகளாக வாழும் இடத்தைப் பற்றியவை. மைக் முன்னால் நின்றவர் 21 வயது இளைஞர். சினிமாவுக்கு அதுதான் அவருடைய முதல் பாட்டு. அந்த இளைஞர் கே.ஜே. யேசுதாஸ். வாய்ப்புக் கொடுத்தவர் எம்.பி.எஸ்.

யேசுதாஸ் பிறகு எத்தனையோ மொழிகளில் ஆயிரக்கணக்கான பாடல்கள் பாடிவிட்டார். முதல் பாட்டாக அமைந்தது காதல் பாட்டாக இல்லாமல், குருவின் சமத்துவ வரிகளாக இருந்தது தற்செயல்தான். ஆனால் அதற்கு இசையமைத்தவரின் வாழ்க்கையைப் பார்த்தால், மிகப் பொருத்தமான தற்செயல்.

அதன்பின் மலையாளத்தில் அவர் கை வைத்த படங்களின் பட்டியல் நீளமானது. அடூர் கோபாலகிருஷ்ணனின் 'சுயம்வரம்' (1972), 'எலிப்பத்தாயம்' (1981), 'முகாமுகம்' (1984), 'அனந்தரம்' (1987) ஆகிய படங்களுக்கு இசை அவர்தான். கமல்ஹாசன் நடித்த 'கன்யாகுமாரி' (1974), கே.ஜி. ஜார்ஜின் 'உள்கடல்' (1979), 'யவனிகா' (1982) எல்லாம் அவருடைய இசைதான். கவிஞர் ஓ.என்.வி. குறுப்பின் வரிகளும் எம்.பி.எஸ். மெட்டும் சேர்ந்த பாடல்கள் கேரளத்தில் தனி ரகமாகவே பேசப்படுகின்றன. கேரள அரசின் திரைப்பட விருது ஒரு முறைக்கு மேல் அவருக்குக் கிடைத்தது.

வாத்தியங்களைக் குவிக்க மாட்டார். வார்த்தை தெளிவாகக் கேட்கவேண்டும், மெட்டு மூச்சுவிடவேண்டும். பின்னணி இசை வேண்டாத இடத்தில் மௌனத்தை அப்படியே விட்டுவிடுவார். அடூர் போன்ற இயக்குநர்களுக்கு அது ஒத்துப்போனதில் வியப்பில்லை.

நடிக்கவும் செய்தார். ஜான் ஆபிரகாம் இயக்கிய 'அக்ரஹாரத்தில் கழுதை' (1977) படத்தில், கழுதைக்குட்டிக்கு அடைக்கலம் கொடுத்து ஊரின் கேலிக்கு ஆளாகும் பேராசிரியர் நாராயணசாமி அவர்தான். தமிழில் அவர் முகத்தைப் பார்க்க விரும்புபவர்கள் அந்தப் படத்தைத் தேடிப் பார்க்கலாம்.

வயலின்காரருக்கும் கூலி உண்டு

ஒரு பாட்டுக்குப் பின்னால் வயலின், செல்லோ, புல்லாங்குழல், தபலா என்று எத்தனையோ பேர் வாசிப்பார்கள். படத்தின் டைட்டிலில் அவர்கள் பெயர் வராது. அந்தக் காலத்தில் வேலை நேரத்துக்கும் கணக்கில்லை, பணம் வரும் நாளுக்கும் கணக்கில்லை. படம் நின்றுபோனால் வாசித்தவரின் சம்பளமும் நின்றுபோகும்.

திரையிசைக் கலைஞர்களுக்கு ஒரு சங்கம் வேண்டும் என்று அதை உருவாக்க முன்நின்றவர் எம்.பி.எஸ். இசையமைப்பாளர் என்ற இருக்கையில் உட்கார்ந்தவர் இதைச் செய்ததுதான் கவனிக்கவேண்டியது. சங்கம் கேட்கும் கூலி, அவரை நம்பிப் பணம் போடும் தயாரிப்பாளரிடமிருந்துதான் வரவேண்டும். கேட்டால் வாய்ப்பு குறையும் என்று தெரிந்தும் கேட்டார். பாட்டு ஒலிபரப்பாகும்போது இசையமைப்பாளருக்கும் பாடலாசிரியருக்கும் உரிமைத்தொகை வரவேண்டும் என்ற பேச்சு இங்கே பலருக்குப் புரியாத காலத்திலேயே அதற்காகவும் உழைத்தார்.

அம்பத்தூர் எஸ்டேட்டில் வேலை பார்த்த தாத்தாக்கள் உள்ள வீடுகளில் இதை விளக்கவேண்டியதே இல்லை. 1960களில் அந்தப் பேட்டை வளர்ந்தபோது சங்கமும் கூடவே வளர்ந்தது. லேத் மெஷினில் நிற்பவருக்கு இருந்த அதே கேள்வி வயலின் பிடித்தவருக்கும் இருந்தது. "நான் செய்தது வேலை, அதற்குக் கூலி எங்கே?"

சேர்ந்திசை என்றால் என்ன?

1970களின் தொடக்கத்தில் அவர் மெட்ராஸ் யூத் கொயரைத் தொடங்கினார். மும்பையில் சலில் சௌத்ரியும் கல்கத்தாவில் ரூமா குஹா தாகுர்தாவும் 1950களின் இறுதியிலேயே இப்படிப்பட்ட இளைஞர் குழுக்களைத் தொடங்கியிருந்தார்கள். சென்னைக்கு அந்தப் பாதையைத் திறந்தவர் எம்.பி.எஸ். பாரதியார் பாடல்கள் தொடங்கிப் பல இந்திய மொழிப் பாடல்கள்வரை குழு பாடியது. பாடியவர்கள் சபா வித்வான்கள் அல்ல. படிப்பும் வேலையும் உள்ள சாதாரண இளைஞர்கள்.

இதற்குத் தமிழில் அழகான சொல் ஒன்று இருக்கிறது: சேர்ந்திசை. கோரஸ் என்று நாம் சாதாரணமாகச் சொல்வதற்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. கோரஸில் பத்துப் பேரும் ஒரே மெட்டைப் பாடுவார்கள். சேர்ந்திசையில் ஒரே நேரத்தில் நான்கு மெட்டுகள் ஓடும். பெண்களில் மேல் குரல் சொப்ரானோ, கீழ்க் குரல் ஆல்டோ. ஆண்களில் மேல் குரல் டெனர், கீழ்க் குரல் பேஸ். நான்கும் தனித்தனியாகக் கேட்டால் நான்கு பாட்டு. சேர்த்துக் கேட்டால் ஒரே பாட்டு. அந்தச் சேர்க்கைக்குப் பெயர்தான் ஹார்மனி.

வீட்டுப் பாஷையில் சொன்னால், கோரஸ் என்பது பத்துப் பேர் ஒரே வடத்தைப் பிடித்துத் தேர் இழுப்பது. சேர்ந்திசை என்பது கல்யாணச் சமையல். ஒருவர் சாம்பார், ஒருவர் பொரியல், ஒருவர் பாயசம். இலையில் வந்து சேரும்போதுதான் விருந்து.

"சுருதி எனக்கு எட்டலையே!"

பள்ளி ஆண்டு விழாவில் ஆணும் பெண்ணும் சேர்ந்து கடவுள் வாழ்த்துப் பாடினால் என்ன நடக்கும்? பெண்களுக்குச் சௌகரியமான சுருதி பொதுவாக ஐந்து, ஐந்தரைக் கட்டை. ஆண்களுக்கு ஒன்று, ஒன்றரைக் கட்டை. நடுவில் ஏதோ ஒன்றை வைப்பார்கள். அனுபல்லவியில் பையன்கள் கத்துவார்கள், பல்லவியில் பெண் பிள்ளைகளின் குரல் தரையில் ஊரும். யாருக்கும் சௌகரியம் இல்லை. குரல் சரியில்லை என்று இரண்டு பேரைப் பின்வரிசைக்குத் தள்ளி, "நீ வாயை மட்டும் அசை" என்று சொல்லிவிடுவதும் உண்டு. அப்படிச் சொல்லப்பட்ட பிள்ளை பிறகு ஜென்மத்துக்கும் பாடாது.

நான்கு குரல் முறை இதற்குத்தான் வழி சொல்கிறது. எல்லோரும் ஒரே உயரத்துக்கு எட்டவேண்டியதில்லை. மேலே எட்டுபவருக்கு மேல் வரி, எட்டாதவருக்குக் கீழ் வரி. கீழ் வரி மட்டமானது அல்ல. வீட்டுக்கு அடித்தளம் போல, அது இல்லாவிட்டால் மேலே உள்ளது நிற்காது.

எம்.பி.எஸ்.ஸின் சங்கமும் சேர்ந்திசையும் வேறு வேறு வேலைகள் அல்ல என்பது இங்கே தெரிகிறது. பின்வரிசை வயலின்காரருக்குக் கூலி கேட்ட அதே மனசுதான் பின்வரிசைப் பையனுக்கும் பாட ஒரு வரி கொடுத்தது.

ராகம் கெடாமல் எப்படி?

உடனே ஒரு கேள்வி வரும். நம் சங்கீதம் ராக சங்கீதம். ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம். அதை அசைத்து, வழுக்கி, கமகம் போட்டுப் பாடினால்தான் ராகத்தின் முகமே தெரியும். அதில் நான்கு மெட்டைப் போட்டால் குழப்பம்தானே?

கேள்வி நியாயமானது. சிக்கல் இரண்டு. ஒன்று, முப்பது பேர் சேர்ந்து கமகம் போட்டால் ஒவ்வொருவர் அசைவும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், கூழாகிவிடும். இரண்டு, ஹார்மனிக்காகச் சேர்க்கும் ஸ்வரம் அந்த ராகத்திலேயே இல்லாததாக இருந்தால் அன்னிய ஸ்வரம் நுழைந்து ராகத்தின் அடையாளம் போய்விடும்.

இதற்கு வழிகளும் உண்டு. கனமான கமகம் இல்லாத மெட்டை எடுக்கலாம். துணைக்குரல்களுக்கு அந்த ராகத்தின் ஸ்வரங்களையே கொடுக்கலாம். ஒரு குழுவை ஸட்ஜமத்திலும் பஞ்சமத்திலும் தம்புரா போல நிறுத்திவைக்கலாம். ஒருவர் கேட்க ஒருவர் பதில் சொல்லும் நாட்டுப்புற முறையைப் பயன்படுத்தலாம். எம்.பி.எஸ். மேற்கத்திய ஹார்மனியை எடுத்துக்கொண்டாலும், அவருடைய சேர்ந்திசையின் அடித்தளம் நம் ராகங்களும் நாட்டுப்புற மெட்டுகளும்தான். கேட்பவருக்கு அது தமிழ்ப் பாட்டாகவே கேட்கும்.

இந்தக் கலப்பு சென்னைக்குப் புதிதும் அல்ல. முத்துசாமி தீட்சிதரின் குடும்பம் சென்னையை அடுத்த மணலியில் வசித்த நாள்களில், ஆங்கிலேயரின் பேண்டு வாத்திய மெட்டுகள் அவர் காதில் விழுந்தன. அந்த மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதியவைதான் நோட்டுஸ்வரங்கள். முப்பதுக்கு மேல் இருக்கின்றன. சங்கராபரணத்தில், கமகம் அதிகமில்லாமல் இருப்பதால் சின்னப் பிள்ளைகளுக்குப் பாடச் சுலபம். தேவாலயங்களில் நான்கு குரல் பாட்டு தலைமுறைகளாக நடக்கிறது. மெட்ராஸ் மியூசிக்கல் அசோசியேஷன் 1893 முதல் இங்கே பாடிவருகிறது. இருந்தது தேவாலயத்திலும் கிளப்பிலும்தான். பாரதியின் தமிழை அதற்குள் கொண்டுவந்து பொதுமேடையில் வைத்ததுதான் எம்.பி.எஸ். செய்த வேலை.

இத்தாலியில் ஒரு துறவி, ஹங்கேரியில் ஓர் ஆசிரியர்

உலகத்திலும் இதே கதைதான். இன்று கீபோர்டு வகுப்பில் பிள்ளைகள் சொல்லும் டோ, ரே, மீ யாரால் வந்தது? 11ஆம் நூற்றாண்டில் இத்தாலியின் அரெஸ்ஸோ நகரில் இருந்த குய்டோ என்ற துறவியால். மடத்துப் பிள்ளைகள் வருஷக்கணக்கில் மனப்பாடம் செய்தும் புதுப் பாட்டைத் தானாகப் பாடத் தெரியாமல் திணறுவதைப் பார்த்தார். ஒரு தோத்திரப் பாட்டின் ஒவ்வோர் அடியும் ஒவ்வொரு ஸ்வரம் மேலே ஏறித் தொடங்கியது. அந்த அடிகளின் முதல் அசைகளையே ஸ்வரப் பெயர்களாக வைத்தார். கோடு போட்டு ஸ்வரம் எழுதும் முறையையும் சீராக்கினார். பத்து வருஷப் படிப்பை ஓரிரு வருஷமாகச் சுருக்கிவிட்டேன் என்று அவரே பெருமைப்பட்டுக்கொண்டார். நம் ஸ ரி க ம போலவே, அதுவும் குழுவாகப் பாடவைக்கப் பிறந்த பாடம்தான்.

20ஆம் நூற்றாண்டில் ஹங்கேரியின் ஸோல்டான் கோடாய் (1882-1967) பெரிய இசையமைப்பாளர். பியானோ வாங்க எல்லா வீட்டிலும் பணம் இருக்காது, குரல் எல்லோருக்கும் இருக்கிறது என்பதுதான் அவர் கல்விமுறையின் ஆரம்பப் புள்ளி. ஊர் ஊராகப் போய் நாட்டுப்பாடல்களைச் சேகரித்தார். அந்தப் பாடல்களாலேயே பள்ளிப் பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுக்கவேண்டும் என்றார். 1950இல் கெச்கெமேட் நகரில் தினமும் பாட்டு உள்ள ஆரம்பப் பள்ளி தொடங்கியது. அந்த முறை இன்று பல நாடுகளில் இருக்கிறது.

கோடாய்க்கு ஓர் அரசும் பள்ளித்துறையும் கூட நின்றன. எம்.பி.எஸ்.ஸிடம் இருந்தது ஒரு குழுவும் மாலை நேரமும்தான். ஹங்கேரியில் பாடத்திட்டமானது இங்கே ஒரு தனிமனிதரின் முயற்சியாகவே நின்றுவிட்டதற்குக் காரணம் அதுதான்.

அடுக்குமாடியில் ஆரம்பிக்கலாம்

தமிழ்ப் பிள்ளைகளிடம் மேற்கத்திய இசை ஆர்வம் இன்று எக்கச்சக்கம். ஏ.ஆர். ரஹ்மான் 2008இல் சென்னையில் இசைக் கல்லூரியே தொடங்கினார். இளையராஜா 2025 மார்ச் 8 அன்று லண்டனில் தன் சிம்பொனியை அரங்கேற்றினார். அந்தப் பெருமையெல்லாம் நமக்கு வேண்டும். ஆனால் சிம்பொனி என்பதே எண்பது பேர் ஒருவரை ஒருவர் கேட்டு வாசிப்பதுதான். ஹெட்போனுக்குள் வளரும் பிள்ளைக்கு அடுத்தவரைக் கேட்கும் பழக்கம் எப்போது வரும்?

மார்கழியில் திருப்பாவை கோஷ்டி, சர்ச்சில் கேரல் குழு என்று சேர்ந்து பாடும் வழக்கம் இன்னும் மிச்சம் இருக்கிறது. பிள்ளைப்பேறு வேண்டி வருகிறவர்கள் வணங்கும் சந்தான சீனிவாசப் பெருமாள் இருக்கும் ஊர் முகப்பேர். மகப்பேறு என்பதுதான் முகப்பேர் ஆனது என்று ஊரில் சொல்வார்கள். பிள்ளைகளின் பெயரையே தாங்கிய ஊரில், பிள்ளைகள் சேர்ந்து பாட ஓர் இடம் இருந்தால் பொருத்தமாகத்தான் இருக்கும்.

பொங்கல் விழாவுக்கோ குடியிருப்பு ஆண்டு விழாவுக்கோ முயன்று பார்க்க மூன்று பயிற்சிகள்:

ஒன்று, சரளி வரிசை. பாட்டு வகுப்புக்குப் போகும் எல்லாப் பிள்ளைக்கும் தெரியும். பாதிப் பேர் முதல் காலத்தில் பாடட்டும், மீதிப் பேர் அதே வரிசையை இரண்டாம் காலத்தில் இரண்டு முறை பாடட்டும். இரண்டும் ஒரே நேரத்தில் முடியும். அடுத்த அணியைக் கேட்டுக்கொண்டே தன் வரியை விடாமல் பாடுவது எப்படி என்று ஐந்து நிமிடத்தில் புரிந்துவிடும்.

இரண்டு, மோகன ராகம். ஸ ரி க ப த என்று ஐந்தே ஸ்வரம். பக்கத்துப் பக்கத்தில் அரைஸ்வர இடைவெளியே கிடையாது. அதனால் இந்த ஐந்தில் எந்த இரண்டைச் சேர்த்துப் பாடினாலும் காதைக் கீறாது. கோடாய் முறையிலும் சின்னப் பிள்ளைகளுக்கு இப்படிப்பட்ட ஐந்து ஸ்வரப் பாடல்களில்தான் ஆரம்பிப்பார்கள். மோகனத்தில் ஓர் எளிய பாட்டை எடுத்து, ஓர் அணி தொடங்கி நான்கு அட்சரம் கழித்து இன்னோர் அணி தொடங்கட்டும்.

மூன்று, தாங்கும் குரல். தாத்தா, அப்பா, குரல் உடையும் வயதுப் பையன்கள் எல்லோரையும் ஒரு பக்கம் நிறுத்தி, ஸட்ஜமத்தை மட்டும் மெதுவாகப் பிடிக்கச் சொல்லுங்கள். மூச்சு முடிந்தால் பக்கத்தில் இருப்பவர் தொடர்வார். "எனக்குப் பாட வராது" என்று சொன்னவர்தான் இதில் முதலில் நிலைத்து நிற்பார்.

சுருதி இரண்டு அல்லது மூன்று கட்டையில் இருக்கட்டும். மைக் வேண்டாம். முக்கியமாக, யாரையும் வாயை மட்டும் அசைக்கச் சொல்லவேண்டாம்.

கடைசிப் பயணம்

எம்.பி.எஸ். தன் பெயரில் பெரிய கட்டடமோ கல்லூரியோ விட்டுச்செல்லவில்லை. பாடத் தெரிந்த மனிதர்களை விட்டுச்சென்றார். அவருக்குப் பிறகும் மெட்ராஸ் யூத் கொயர் மேடை ஏறிப் பாடியது. அவரிடம் பழகியவர்கள் வேறு இடங்களில் குழு அமைத்தார்கள். கேரளத்தில் அவர் பெயரில் இன்றும் பாட்டுக் கூட்டங்கள் நடக்கின்றன. ஆசிரியராக வாழ்ந்தவருக்கு நினைவு மண்டபத்தைவிட இதுவே சரியான மரியாதை.

1988 மார்ச் 9 அன்று, லட்சத்தீவுக்குப் போயிருந்த இடத்தில் அவர் காலமானார். வயது 62. சித்தூரில் பிறந்து, சென்னையில் வாழ்ந்து, மலையாளத்தில் புகழ்பெற்று, வீட்டுக்குள் பஞ்சாபின் வரலாற்றையும் சேர்த்துக்கொண்ட மனிதர், நிலப்பரப்பைத் தாண்டிய தீவில் கண்மூடினார். அவருக்காக ஒரு நிமிடம் மௌனம் காக்கவேண்டியதில்லை. பக்கத்தில் இருப்பவரைக் கூப்பிட்டு ஒரு பாட்டைச் சேர்ந்து பாடினால் போதும். அவர் கேட்டதும் அதைத்தான்.